எதிர்ப்புச் சக்திக்கு எதைக் கொடுக்கலாம்?

கன்னியாகுமரி, திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்து திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்துக்குச் சிகிச்சைக்கு வரும் தமிழ்க் குடும்பங்கள் பல. கிழக்கேகோட்டையில் மெடிக்கல் காலேஜ் பஸ்ஸுக்குக் காத்து நிற்கையில், அருகே சாலைக் கடைத்தெருவின் நாட்டு மருந்துக் கடைகள் நினைவுக்கு வரும். மார்பகப் புற்றுநோய் முற்றிய நிலையிலுள்ள தாய்க்கோ தங்கைக்கோ, "எதிர்ப்புச் சக்திக்கு ஏதாவது வாங்கிக் கொடுப்போமே" என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் வாங்குமுன் சிலவற்றை அறிந்துகொள்வது நல்லது.

கீமோதெரபி மருந்துகள் வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்குகின்றன. எலும்பு மஜ்ஜையும் அதில் அகப்படுவதால் இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைகின்றன. எதிர்ப்புச் சக்தி குறைவது பெரும்பாலும் இதனால்தான். இக்குறையை எந்த லேகியமும் சத்து மாத்திரையும் சரிசெய்வதாக நிரூபிக்கப்படவில்லை. தேவையானால் ஃபில்கிராஸ்டிம் என்ற ஊசியை டாக்டர்களே போடுவார்கள். காய்ச்சல் 100.4 டிகிரியை எட்டினால் கஷாயம் வைத்துப் பார்த்துக்கொண்டிராமல், நள்ளிரவானாலும் ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும்.

"பச்சிலைதானே, என்ன கெடுதல்?" என்று கேட்பவர்கள் உண்டு. கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கென்று சீந்தில் உட்கொண்ட 6 பேருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதை மும்பை டாக்டர்கள் 2021-இல் வெளியிட்டார்கள். மலையாளத்தில் சிற்றமிர்து என்பது இக்கொடியே. ஆயுஷ் அமைச்சகம் அம்முடிவை ஏற்கவில்லை. எனினும், மார்பகப் புற்றுநோய் கல்லீரலுக்கும் பரவக்கூடியது. அத்தகைய நோயாளியிடம் இந்தச் சோதனை வேண்டாமே!

தொண்டைப் புற்றுநோயால் 2016-இல் மறைந்த மலையாள நடிகர் ஜிஷ்ணு ராகவன், லட்சுமி தருவையும் முள்சீத்தாவையும் தாம் பயன்படுத்திப் பார்த்ததாகவும், அவற்றால் கட்டி கட்டுப்படாமல் ஆபத்தான நிலைக்குச் சென்றதாகவும் வெளிப்படையாகவே எச்சரித்திருந்தார்.

எல்லா மாத்திரைகளும் வேண்டாதவை அல்ல. நோய் எலும்புக்குப் பரவியவர்களுக்கு எலும்பைக் காக்கும் ஊசியுடன் கால்சியமும் வைட்டமின் டி-யும் டாக்டர்களே கொடுப்பதுண்டு. ஆனால் இரத்தத்தில் கால்சியம் ஏற்கெனவே கூடியிருந்தால் அதுவே தீங்காகும். இரத்தப் பரிசோதனை பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும்.

வீட்டில் செய்யக்கூடியது என்ன? நன்கு வேகவைத்த முட்டை, மீன், பயறு, பருப்பு, கஞ்சி இவற்றைச் சிறிது சிறிதாகப் பலமுறை கொடுக்கலாம். ஏற்கெனவே ஏதேனும் பொடியோ மாத்திரையோ கொடுத்து வந்தால், அடுத்தமுறை அந்தச் சீசாவையே கையோடு கொண்டுபோய் டாக்டரிடம் காட்டுங்கள். கோபிப்பாரோ என்று தயங்கி மறைப்பதில்தான் ஆபத்து அதிகம்.