கடவுச்சொல் சரி, கதவு திறக்கவில்லை

புலம்பெயர்ந்து வாழும் எமக்கு அடையாளத்தை நிரூபிப்பது புதிய காரியமன்று. ஒரு பிறப்புச் சான்றிதழுக்காகவும் ஒரு முத்திரைக்காகவும் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கிய அனுபவம் எம்மிற் பலருக்கு உண்டு. ஆயினும் எமது சொந்த மேசையின்மீது, எமது கைப்பணத்தில் வாங்கிய மடிக்கணினியே ஒரு காலைப்பொழுதில் "நீர் யார்?" என்று கேட்டு எம்மை வாசலில் நிறுத்தும் என நாம் எண்ணியதில்லை. கடந்த மாரிகாலத்தில் அதுவும் நிகழ்ந்தது. எமது அவலத்தைச் சொல்வதற்காக மட்டும் இதனை எழுதவில்லை. இதே வாசலில் நாளை வாசகர்களும் நிற்க நேரலாம் என்பதற்காகவே எழுதுகின்றோம்.

எமது மடிக்கணினி ஏழு ஆண்டுகளுக்கு முன்னர் இலண்டனிலுள்ள நண்பர் ஒருவர் மூலம் வாங்கப்பட்டது. ஆகவே அதன் விசைகளிற் பொறிக்கப்பட்டிருப்பது ஆங்கில வரிசை. இயக்கியதும் கேள்வி எதுவும் கேளாமல் உள்ளே விடும்படி நண்பர் அதனை ஒழுங்குசெய்து தந்திருந்தார். கடவுச்சொல் ஒன்று இருந்ததுதான். எமது நாட்குறிப்பில் அவர் அதனை எழுதிவைத்த நாளுக்குப் பின்னர் நாம் அதனை ஒருமுறையேனும் தட்டியதில்லை.

மின்கலம் வலுவிழந்துவிட்டதால், பரிஸ் நகரில் நாம் வசிக்கும் பகுதியிலுள்ள சிறு கடையொன்றில் அதை மாற்றக் கொடுத்தோம். இரண்டு நாளில் மடிக்கணினி வீடு வந்தது. இயக்கினோம். கடவுச்சொல்லைக் கேட்டது. பழைய நாட்குறிப்பைத் தேடியெடுத்து, ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்துத் தட்டினோம். தவறு என்றது. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மீண்டும் தட்டினோம். தவறு என்றது. ஒன்பது முறை தட்டியபின் கை நடுங்கத் தொடங்கியது.

நடுக்கத்திற்குக் காரணம் இருந்தது. கடந்த சில ஆண்டுகளாக, எம்மவரிடையே வாழும் முதியோரைச் சந்தித்து அவர்களது ஊர் நினைவுகளைக் குரற்பதிவு செய்து வருகின்றோம். அப்பதிவுகள் அனைத்தும் அந்த இயந்திரத்தினுள் இருந்தன. வேறெங்கும் பிரதி இல்லை. அவர்களுள் ஒருவர் ஓய்வுபெற்ற பாடசாலை ஆசிரியர். தமது ஊர்ப் பள்ளிக்கூடத்தைப் பற்றியும், அதன் கிணற்றைப் பற்றியும், அங்கு முதன்முதல் கற்பித்த நாளைப் பற்றியும் இரண்டு மணி நேரம் எம்முடன் உரையாடியவர். அடுத்த ஆண்டே அவர் காலமானார். அவரது ஆட்டைத் திவசத்திற்குத் தந்தையின் குரலைக் கேட்க வேண்டும் என மகள் எம்மிடம் கேட்டிருந்தார். திவசத்திற்கு இன்னும் ஐந்து நாட்களே இருந்தன.

ஒரு சொல்லின் இரு பொருள்

கடைக்காரரிடம் ஓடினோம். நல்ல மனிதர். திரையைப் பார்த்துவிட்டு, "ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ அண்ணை, றீசெற் பண்ணித் தாறன். ஒரு மணித்தியால வேலை" என்றார். எமக்கு உயிர் வந்தது. பூட்டை மாற்றித் தரப்போகின்றார் என்றே நாம் விளங்கிக்கொண்டோம். சரி என்று தலையசைக்கும் வேளையில், தொலைபேசி ஒன்றைத் திருத்தக் கொண்டுவந்து எமது பக்கத்தில் நின்ற இளம்பெண் குறுக்கிட்டார். எமக்கு அறிமுகமான குடும்பத்துப் பிள்ளை. பல்கலைக்கழகத்திற் கணினியியல் படிப்பவர்.

"மாமா, உள்ளுக்கு இருக்கிறது உங்களுக்கு வேணுமோ, வேண்டாமோ?" என்று கேட்டார்.

வேண்டும் என்றோம்.

"அப்ப அதைத் தொட விடாதேங்கோ. அண்ணை சொல்லுற றீசெற் எண்டால் எல்லாத்தையும் அழிச்சுப் புதுசாய்ப் போடுறது."

கடைக்காரரும் அதனை மறுக்கவில்லை. வருபவர்களிற் பெரும்பாலோர் இயந்திரம் மீண்டும் இயங்கினாற் போதும் என்றே கேட்பதாகச் சொன்னார். 'றீசெற்' என்னும் ஒரே சொல், கடவுச்சொல்லை மட்டும் மாற்றுவதையும் குறிக்கின்றது. இயந்திரத்திலுள்ள அனைத்தையும் துடைத்தெறிவதையும் குறிக்கின்றது. முன்னதில் உங்கள் கோவைகள் இருக்கும், பின்னதில் இரா. பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராகப் பல ஆண்டுகள் சொற்பொருள் விளக்கிய நாம், ஒரு சொல்லின் பொருளை விசாரியாமல் சில குரல்களை இரண்டாவது முறையும் இழக்க இருந்தோம்.

எந்தப் பூட்டு?

அந்த மாணவி இயந்திரத்தைத் தொடுவதற்கு முன்னர் எமக்கு ஒரு பாடம் நடத்தினார். அதன் சாரத்தை இங்கே தருகின்றோம்.

மடிக்கணினியில் உள்ள பூட்டு ஒன்றன்று, மூன்று. முதலாவது, இயந்திரம் உயிர்பெற்றவுடனேயே, விண்டோஸ் போன்ற இயங்குதளம் எதுவும் தோன்றுவதற்கு முன்னர் கறுத்த திரையிற் கேட்கப்படுவது. இது 'பயோஸ்' எனப்படும் அடிப்படை நிரலின் பூட்டு. பழைய மேசைக் கணினிகளில் நாணயம் போன்ற சிறு மின்கலத்தைக் கழற்றி மாட்டினால் இது மறைந்துவிடும். இன்றைய மடிக்கணினிகள் பலவற்றில் மின்சாரம் இன்றியும் மறவாத சில்லு ஒன்றில் அது பதியப்படுவதால், அந்த வைத்தியம் பலிப்பதில்லை. வாங்கிய பற்றுச்சீட்டைக் காட்டி, தயாரித்த நிறுவனத்தை நாடுவதே நேரான வழி.

இரண்டாவது, வன்தட்டின் மறையாக்கப் பூட்டு. விண்டோஸ் இயந்திரங்களில் இதன் பெயர் பிற்லொக்கர். இது 48 இலக்கங்கள் கொண்ட மீட்புச் சாவியைக் கேட்கும். ஆறு ஆறு இலக்கங்களாக எட்டுத் தொகுதிகள். தாய்ப்பலகையை மாற்றினாலோ, பயோஸ் அமைப்பில் மாற்றம் நேர்ந்தாலோ, இது திருடனின் வேலையோ என்று ஐயுற்று இயந்திரம் இச்சாவியைக் கேட்பதுண்டு. மூன்றாவது, நாம் நாள்தோறும் காணும் நுழைவுத் திரையின் கடவுச்சொல். எமது இயந்திரம் கேட்டது இதைத்தான்.

"எந்தப் பூட்டு எண்டு தெரியாமல் திறப்பைப் போட்டு முறுக்கக் கூடாது மாமா" என்றார் மாணவி. தவறாகத் தட்டிக்கொண்டே இருந்தால் இயந்திரம் மேலும் இறுகும். இன்றைய விண்டோஸ் இயந்திரங்கள் பல, பத்து முறை தவறினால் பத்து நிமிடம் எவரையும் ஏற்காது.

ஏ என்பது கியூ ஆன கதை

பின்னர் அவர் எமது கடவுச்சொல்லை எம்மையே தட்டச் சொன்னார். தட்டியதும், பெட்டியின் ஓரத்திலுள்ள கண் வடிவக் குறியை அழுத்தினார். புள்ளிகள் மறைந்து எழுத்துக்கள் தெரிந்தன. நாம் தட்டிய சொல் அங்கே இல்லை! 'ஏ' என்னும் எழுத்து இருக்க வேண்டிய இடமெல்லாம் 'கியூ' நின்றது. நான்கு இலக்கங்கள் இருக்க வேண்டிய இடத்தில் மேற்கோட்குறியும் அடைப்புக்குறியும் நின்றன.

காரணம் எளியது. மின்கலத்தை மாற்றிய கடைக்காரர், இயந்திரத்தைச் சோதிக்கையில் தமது கைப்பழக்கத்திற்கேற்ப விசைப்பலகை வரிசையைப் பிரெஞ்சுக்கு மாற்றியிருந்தார். இவ்வளவு நாளும் பூட்டாமல் வைத்திருக்கிறாரே என்று எமக்காக இரங்கி, கடவுச்சொல் கேட்கும்படியும் செய்திருந்தார். இரண்டும் நல்லெண்ணத்திற் செய்தவை. பிரெஞ்சு வரிசையில் ஏயும் கியூவும் இடம் மாறி நிற்கும். டபிள்யூவும் இசற்றும் இடம் மாறி நிற்கும். எம் என்னும் எழுத்து எல்லின் வலப்புறம் போய்விடும். மேல்வரிசை இலக்கங்களைப் பெற மாற்றுவிசையையும் சேர்த்து அழுத்த வேண்டும். எமது விரல்கள் ஆங்கிலத்திற் தட்டின. இயந்திரம் பிரெஞ்சிற் கேட்டது. எழுத்துக்களைப் புள்ளிகள் மறைத்ததால் இருவருக்கும் இடையிலான பிணக்கு எமக்குத் தெரியவில்லை.

திரையின் வலது கீழ் மூலையிலுள்ள மொழிக் குறியீட்டை மாணவி ஆங்கிலத்திற்கு மாற்றினார். விண்டோஸ் விசையையும் இடைவெளி விசையையும் ஒன்றாக அழுத்தினாலும் இது மாறும். மீண்டும் தட்டினோம். கதவு திறந்தது. எடுத்த நேரம் ஒரு நிமிடமும் இல்லை. அவர் ஒரு சதமும் வாங்கவில்லை; கடைக்காரரும் வாங்கவில்லை.

ஜேர்மனியிலும் சுவிற்சர்லாந்திலும் வாழும் வாசகர்கள் கவனிக்க: அங்குள்ள வரிசைகளில் வையும் இசற்றும் இடம் மாறி நிற்கும். தமிழில் தட்டச்சுச் செய்வோர், நுழைவுத் திரையில் தமிழ் வரிசை தெரிவாகி நிற்கின்றதா என்றும் பார்க்க வேண்டும். பெரிய எழுத்து விசை பூட்டியிருக்கின்றதா என்பதும் முதலிற் பார்க்க வேண்டியதே. மறந்துவிட்டோம் என்று முடிவு செய்வதற்கு முன்னர், நாம் தட்டுவதைத்தான் இயந்திரம் வாசிக்கின்றதா என்று கேட்க வேண்டும்.

உண்மையிலேயே மறந்திருந்தால்?

எமது சொல் சரியாக இருந்தது. இல்லாதிருந்தால் என்ன நடந்திருக்கும்? வாசகர்கள் பலர், "கெட்டிக்காரன் ஒருவனிடம் கொடுத்தாற் பழைய கடவுச்சொல்லைக் கண்டுபிடித்துவிடுவான்" என நம்புகின்றனர். அது பழைய காலம். கணினியில் ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கடவுச்சொல் என்னும் வழக்கம் 1960களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில், பெர்னாண்டோ கோர்பாற்றோவின் குழு அமைத்த முறைமையில் வேரூன்றியது. அங்கே சொற்கள் அப்படியே ஒரு கோவையில் இருந்தன. 1962இல் அலன் ஷெர் என்னும் ஆய்வு மாணவர், தமக்கு ஒதுக்கிய கணினி நேரம் போதாமையால், அக்கோவையையே அச்சிட்டு எடுத்துப் பிறரது நேரத்தைப் பயன்படுத்திக்கொண்டார். பின்னர் நிலைமை மாறியது. 1979இல் றொபேட் மொறிசும் கென் தொம்சனும் எழுதிய கட்டுரை, சொல்லை வைத்திராமல், திரும்பப் பெறமுடியாதபடி உருமாற்றிய வடிவத்தை மட்டும் வைத்திருக்கும் முறையை விளக்கியது. இன்றும் அடிப்படை அதுவே. ஆகவே நல்ல கடவுச்சொல்லை எவரும் வாசித்துச் சொல்லமாட்டார், மாற்றத்தான் முடியும்.

மாற்றும் வழி, கணக்கைப் பொறுத்தது. மைக்ரோசொப்ட் கணக்கினால் நுழையும் இயந்திரமாயின், வேறொரு கணினியிலிருந்து அக்கணக்கின் கடவுச்சொல்லை மாற்றலாம். அதற்கு நாம் முன்னர் பதிந்த தொலைபேசி இலக்கமோ மின்னஞ்சலோ இன்றும் எம் கையில் இருக்க வேண்டும். நாடு மாறும்போது தொலைபேசி இலக்கத்தையும் மாற்றிக்கொள்ளும் எம்மவர் பலர் இங்கேதான் வழுக்கி விழுகின்றனர். இயந்திரத்துடன் மட்டும் நிற்கும் கணக்காயின், முன்கூட்டி அமைத்த பாதுகாப்புக் கேள்விகள் உதவும்.

வன்தட்டு மறையாக்கம் செய்யப்படாததாயின், அதைக் கழற்றி வேறொரு கணினியிற் பொருத்திக் கோவைகளை எடுத்துவிடலாம். மறையாக்கம் செய்யப்பட்டிருந்தால் அந்த வழி அடைபடும். முன்னர் இது அலுவலகங்களின் வழக்கமாக இருந்தது. 2024இல் வெளிவந்த விண்டோஸ் 11 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவி மைக்ரோசொப்ட் கணக்கினால் நுழையும் இயந்திரங்களிற் பெரும்பாலானவற்றில் அது தானாகவே நிகழ்கின்றது. 2020 முதல் தனது சொந்தச் சில்லுடன் அப்பிள் விற்கும் கணினிகளிலும் சேமிப்பகம் மறையாக்கம் செய்யப்பட்டே இருக்கின்றது. மீட்புச் சாவி தொலைந்தால் அதைத் தம்மால் உருவாக்கித் தரமுடியாது என மைக்ரோசொப்ட் வெளிப்படையாகவே கூறியுள்ளது. திருடனுக்கு எதிராகக் கட்டிய மதில், மறதிக்காரனையும் அதே உறுதியோடு தடுக்கும்.

வாசகர் செய்ய வேண்டியவை

அன்று மாலையே மாணவி சொன்னபடி நான்கு காரியங்கள் செய்தோம். மீட்புச் சாவி உண்டா எனக் கணக்கிற் பார்த்து, இருந்ததைத் தாளில் எழுதிக்கொண்டோம். அதன் அடையாள இலக்கத்தையும் எழுதினோம். பல சாவிகள் இருந்தால், திரையிற் தோன்றும் இலக்கத்தோடு ஒப்பிட்டே சரியானதைத் தெரிய முடியும். அத்தாளை மடிக்கணினிப் பையில் வைக்காமல், கடவுச்சீட்டும் அகதிப் பத்திரங்களும் உள்ள பெட்டியில் வைத்தோம். கணக்கிலிருந்த பழைய தொலைபேசி இலக்கத்தை நீக்கிப் புதியதைப் பதிந்தோம். குரற்பதிவுகள் அனைத்தையும் இரண்டு வெளித்தட்டுக்களிற் பிரதி செய்து, ஒன்றை வீட்டிலும் மற்றதை வேறு நகரத்திலுள்ள நண்பரிடமும் வைத்தோம்.

நான்காவது காரியமே முதலாவதாக இருந்திருக்க வேண்டும். செல்லரிக்கும் ஏட்டைப் புதிய ஓலையிற் பெயர்த்தெழுதி வைத்ததனாலேயே எமது இலக்கியம் பிழைத்தது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகளும் சாம்பலாயின. அதனை நாம் மாணவர்களுக்குச் சொல்லியிருக்கின்றோம், கட்டுரைகளாகவும் எழுதியிருக்கின்றோம். அப்படிப்பட்ட நாமே முதியோரின் குரல்களை ஒற்றைப் பிரதியாக ஒற்றைப் பெட்டிக்குள் வைத்திருந்தோம். பூட்டின்மீது சினந்தது போதும், பிழை எம்முடையது.

ஐந்தாம் நாள் திவசம் நடந்தது. படையலுக்குப் பின்னர் மகள் பதிவை ஒலிக்கவிட்டார். ஆசிரியர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "எங்கை துவங்கட்டும் தம்பி?" என்று எம்மைக் கேட்கும் இடம் முதலில் வந்தது. அடுக்களையிலிருந்த பேரப்பிள்ளைகள் கூடத்திற்கு வந்து நின்றனர்.

வாசகர்களே, உங்கள் இயந்திரத்திலும் இத்தகைய குரலோ, புகைப்படமோ, வழக்குப் பத்திரமோ ஒற்றைப் பிரதியாக இருக்கக்கூடும். இன்றிரவு உறங்குவதற்கு முன்னர் அதற்கு இன்னொரு பிரதி எடுங்கள். மீட்புச் சாவியைத் தாளில் எழுதுங்கள். எவரேனும் 'றீசெற்' என்றால், எதை என்று கேளுங்கள்.