சக்கரங்களுக்கு நடுவே ஒரு காலி இடம்

வளைந்து மேலேறும் சரிவின் உச்சியில், விளிம்பை ஒட்டி ஓர் இரும்புக் குழாய் பதித்திருப்பார்கள். கோப்பிங் என்று பெயர். சுமார் 2 அங்குல விட்டம். சரிவின் பரப்பைவிடக் கொஞ்சம் துருத்திக்கொண்டு நிற்கும். கீழிருந்து ஏறி வருகிற பெண் உச்சியைத் தொட்டதும் இடுப்பைத் திருப்புகிறாள். முன்சக்கரங்கள் குழாயைத் தாண்டி மேடைப் பக்கம் போய்விட்டன; பின்சக்கரங்கள் இன்னும் சரிவுப் பக்கமே இருக்கின்றன. 'டக்'கென்று ஒரு சத்தம். குழாயின் மேல் அரை நொடி அப்படியே நிற்கிறாள். பிறகு வந்த வழியே கீழே உருண்டு போய்விடுகிறாள்.

அந்த அரை நொடியில், காலில் இருந்த எட்டுச் சக்கரங்களில் ஒன்றுகூட அவளைத் தாங்கவில்லை. தாங்கியது முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே உள்ள இடம். சரிவில் ஆடுவதற்கென்று ஸ்கேட் தேடுகிறவர்கள் முதலில் சக்கரத்தின் நிறத்தையும் விலையையும் பார்க்கிறார்கள். நான் சொல்வேன், ஸ்கேட்டைக் கவிழ்த்துப் பிடித்து அந்த நடு இடத்தைப் பாருங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பின்னால்தான்.

நான்கு சக்கர ஸ்கேட் பழைய சாமான். 1863இல் அமெரிக்காவின் ஜேம்ஸ் பிளிம்ப்டன் அதற்குக் காப்புரிமை வாங்கினார். அதற்கு முந்தைய ஸ்கேட்டுகள் நேராகத்தான் ஓடும். திரும்ப வேண்டுமென்றால் காலைத் தூக்கி வைக்க வேண்டும். பிளிம்ப்டன் அச்சுக்கும் அடித்தகட்டுக்கும் நடுவே ரப்பரைச் செருகினார். பாதத்தை ஒரு பக்கம் சாய்த்தால் அந்தப் பக்கத்து ரப்பர் நசுங்கும், அச்சு தானாகத் திரும்பும். சாய்ந்தால் திரும்பலாம் என்ற அந்த ஒற்றை யோசனைதான் இன்றுவரை மாறாமல் இருக்கிறது. இன்று அந்த அமைப்பு முழுவதையும் ட்ரக் என்கிறார்கள். நடுவே நிற்கும் போல்ட்டுக்குக் கிங்பின் என்று பெயர். அதைச் சுற்றி உட்காரும் ரப்பர் வளையம் குஷன். நம் ஊர் லாரி மெக்கானிக்கிடம் காட்டினால் யோசிக்காமல் 'புஷ்' என்பார். கிங்பின் என்ற சொல் அவருக்கும் பழக்கமானதுதான், ஆனால் அவர் சொல்வது வேறொரு உறுப்பு.

இந்த ஸ்கேட்டிலிருந்து பிறந்ததுதான் ஸ்கேட்போர்டு. 1950களில் கலிஃபோர்னியாவில் பிள்ளைகள் பழைய ஸ்கேட்டைப் பிரித்து, சக்கரத்தோடு பலகையில் ஆணி அடித்து ஓட்டினார்கள். அந்தக் காலத்துச் சக்கரம் முதலில் இரும்பு, பிறகு களிமண்ணும் பிசினும் கலந்தது. ஒரு சிறு கல் இடறினாலும் ஆள் தூக்கி எறியப்படுவார். 1970களின் தொடக்கத்தில் ஃபிராங்க் நாஸ்வொர்த்தி என்ற இளைஞர் வர்ஜீனியா மாநிலத்தின் பர்செல்வில் என்ற சிற்றூர்த் தொழிற்சாலையில் யூரித்தேன் சக்கரங்களைப் பார்த்தார். அவை ஸ்கேட்டிங் கூடங்களில் வாடகைக்கு விடும் ஸ்கேட்டுக்காகச் செய்தவை. அவற்றை எடுத்து அவர் ஸ்கேட்போர்டில் மாட்ட, அந்த விளையாட்டின் தலையெழுத்தே மாறியது. கலிஃபோர்னியாவில் 1976, 77 வறட்சியில் வற்றிக்கிடந்த நீச்சல்குளங்களின் வளைந்த சுவர்களில் போர்டுகள் ஏறின. கூடவே நான்கு சக்கர ஸ்கேட்காரர்கள் சிலரும் ஏறினார்கள். டியூக் ரென்னி என்ற பெயரை அந்தத் தலைமுறை இன்னும் மறக்கவில்லை.

பிறகு வரிசைச் சக்கர ஸ்கேட்டின் காலம். 1990களில் குழாயிலும் கைப்பிடிச் சுவரிலும் சறுக்கும் ஆட்டத்துக்கு 'அக்ரெசிவ்' என்ற அடைமொழி ஒட்டிக்கொண்டது. சறுக்குவதற்காகவே சக்கரங்களுக்கு நடுவே இடைவெளி விட்டு வழவழப்பான பிளாஸ்டிக் வைக்கும் வழக்கத்தை வளர்த்தவர்கள் அந்த ஆட்டக்காரர்கள். 1995இல் முதல் எக்ஸ்ட்ரீம் கேம்ஸ் போட்டி ரோட் ஐலண்ட் மாநிலத்தில் நடந்தபோது அந்த ஸ்கேட்டுகளும் களத்தில் இருந்தன. 1866இல் பிளிம்ப்டன் ஒரு ஹோட்டலின் சாப்பாட்டுக் கூடத்தை ஸ்கேட்டிங் தளமாக்கியதும் அதே ரோட் ஐலண்டின் நியூபோர்ட்டில்தான். தற்செயல், ஆனாலும் அழகு.

நான்கு சக்கரம் மறுபடி சரிவேறியது பெண்களால். 2001க்குப் பின் டெக்ஸாஸின் ஆஸ்டின் நகரத்தில் உயிர்பெற்ற ரோலர் டெர்பி என்ற அணி ஆட்டம், ஆயிரக்கணக்கான பெண்களின் காலில் நான்கு சக்கர ஸ்கேட்டை மாட்டியது. பயிற்சி முடிந்த மாலைகளில் அவர்களில் சிலர் பக்கத்து ஸ்கேட்போர்டு பூங்காவுக்குப் போனார்கள். லேடி டிராம்பிள் என்ற டெர்பிப் புனைபெயர் கொண்ட நியூசிலாந்துப் பெண் 'சிக்ஸ் இன் போல்ஸ்' என்ற குழுவைத் தொடங்கினார். லாங் பீச்சில் மோக்ஸி நிறுவனத்தை நடத்திய மிஷெல் ஸ்டைலன், ஸ்கேட் விற்றுக்கொண்டே சரிவிலும் ஆடினார். போன இடத்தில் அவர்களுக்குத் தெரிந்த சங்கதி ஒன்றுதான்: காலில் இருப்பது சமதளத்துக்குச் செய்த சாமான், சரிவு அதை உடைக்கிறது.

ஏன் உடைகிறது என்பதற்குச் சின்னக் கணக்கு போதும். 1.2 மீட்டர் உயரச் சரிவு, வளைவின் ஆரம் 2 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். உராய்வைத் தள்ளிவிட்டால், உச்சியிலிருந்து இறங்குகிறவர் அடிக்கு வரும்போது மணிக்கு 17 கிலோமீட்டருக்குச் சற்று மேலான வேகத்தில் இருப்பார். வளைவில் போவதால் எடை மட்டுமின்றி, வளைத்துத் திருப்பும் விசையும் காலில் சேரும். இரண்டையும் கூட்டினால் உடல் எடையைப்போல் 2.2 மடங்கு. 60 கிலோ ஆள் அந்த இடத்தில் 132 கிலோவாக அழுத்துகிறார். இது உருண்டு போகும்போது மட்டும். காற்றில் எழும்பி, குழாய்மேல் ஒற்றைக் காலில் இறங்கும்போது என்ன ஆகும் என்பதைக் கணக்குப் போடாமலே ஊகிக்கலாம்.

ஆகவே அடித்தகடு. பிளேட் என்பார்கள். மலிவான ஸ்கேட்டில் வரும் மெல்லிய பிளாஸ்டிக் பிளேட், ட்ரக்கின் முனை செருகும் குழியருகே விரிசல் விடும். கண்ணாடி இழை கலந்த நல்ல நைலான் பிளேட் சரிவுக்குத் தாங்கும். கொஞ்சம் வளைந்து கொடுப்பதால் இறங்கும் அதிர்ச்சியையும் அது வாங்கிக்கொள்கிறது. அலுமினியம் விறைப்பானது, நீடித்து உழைக்கும், விலையும் எடையும் கூட. இதில் எனக்கு ஒரு பக்கச் சார்பு உண்டு: தொடங்குகிறவருக்கு நல்ல நைலானே போதும். அலுமினியத்துக்குக் கொடுக்கும் பணத்தை முழங்கால் கவசத்தில் போடலாம்.

கிங்பின் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். 10, 15 பாகை சாய்ந்த கிங்பின் நிதானமானது. 45 பாகைக்காரன் சிறு சாய்வுக்கே சட்டென்று திரும்பிவிடுவான். டெர்பி ஆட்டத்தில் அந்தத் துடிப்பு வேண்டும். சரிவில் இறங்கும்போது கால் நாம் நினைக்காத பக்கம் திரும்பினால் பல் போகும். குஷன் மென்மையாக இருந்தால் சாய்வு எளிது, கடினமாக இருந்தால் உறுதி. ஆளின் எடை கூடக்கூட கடினமும் கூட வேண்டும். ஒருவருக்குச் சரியாக வந்த குஷன் அவர் தங்கைக்குச் சரிவராது. அதனால் கிங்பின் நட்டைக் கால் திருகாகத் திருகி, நாலு சுற்று ஓட்டிப் பார்த்து, மறுபடி திருகித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இதற்குக் குறுக்கு வழி இல்லை.

இப்போது அந்தக் காலி இடத்துக்கு வருவோம். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் 160 மில்லிமீட்டர் தூரம் இருக்கும் பிளேட் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சமதளத்தில் வழக்கமான 62 மில்லிமீட்டர் சக்கரத்தை மாட்டினால் நடுவே மிஞ்சுவது 98. சக்கரத்தை 56 ஆக்கினால் 104. கூடியது ஆறே மில்லிமீட்டர். ஒரு பென்சில் தடிமன்கூட இல்லை. குழாயைக் கண்ணால் பார்க்க நேரமில்லாமல், காலால் தேடி உட்காருகிறவருக்கு அந்த ஆறு மில்லிமீட்டர் எவ்வளவு பெரியது என்பது சக்கரம் குழாயில் இடறி முகம் குப்புற விழுந்தவருக்குத்தான் தெரியும். சரிவுக்காரர்கள் 54 முதல் 59 வரை சின்னச் சக்கரம் தேடுவது இதனால்தான். எடை குறைவு, சீக்கிரம் வேகம் பிடிக்கும் என்பதெல்லாம் கூடவே கிடைக்கும் லாபம்.

குறுக்குவாட்டிலும் இதே கணக்கு உண்டு. பாதத்தைக் குழாயின் நீளவாக்கில் வைத்து, ட்ரக்கின் உலோகத்தின்மேலேயே சறுக்கும் ஆட்டத்துக்கு வலச் சக்கரத்துக்கும் இடச் சக்கரத்துக்கும் நடுவே இடம் வேண்டும். சாதாரண ஸ்கேட்டில் அது குறுகல். அதனால் அகலமான ட்ரக்கும் ஒடுங்கிய சக்கரமும் வந்தன. சிலர் ஸ்கேட்போர்டுச் சக்கரத்தையே வாங்கி மாட்டிக்கொள்கிறார்கள். யூரித்தேன் சக்கரம் இங்கிருந்து அங்கே போன கதையை நினைத்தால், இதைக் கடன் திரும்பி வந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

காலி இடத்தைக் காலியாகவும் விட முடியாது. குழாய் நேராகப் பிளேட்டில் மோதினால் பிளேட் தேயும், திருகுகளின் தலை சிதையும், சறுக்கலும் தடைபடும். ஆகவே இரண்டு ட்ரக்குகளுக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் கட்டையைப் பொருத்துகிறார்கள். கிரைண்ட் பிளாக் என்று கடையில் கிடைக்கும். அடிப்பகுதி குழாய்க்கு ஏற்றாற்போல் லேசாகக் குழிந்திருக்கும். குழாய் தானாக நடுவுக்கு வந்து உட்காரும். பெரும்பாலும் பாலிஎத்திலீன் வகைப் பிளாஸ்டிக். சமையலறையில் காய் நறுக்கும் கெட்டியான வெள்ளைப் பலகையும் அந்தக் குடும்பம்தான். அந்தப் பலகையை அறுத்து, அரம் போட்டு, தாங்களே கட்டை செய்துகொள்ளும் கைகாரர்களும் உண்டு. வாங்கும்போது நினைவில் வைக்க வேண்டியது ஒன்று: எல்லாக் கட்டையும் எல்லாப் பிளேட்டிலும் உட்காராது. பிளேட்டை முடிவு செய்துவிட்டுத்தான் கட்டை.

சக்கரத்தின் கடினத்தை 'ஏ' என்ற அளவில் குறிப்பார்கள். தெருவில் ஓட்டும் மெத்தென்ற சக்கரம் 78 ஏ. சரிவுக்கு 95 முதல் 101 வரை. வழவழப்பான கான்கிரீட்டில் மென்மையான சக்கரம் பரப்போடு ஒட்டிக்கொண்டு வேகத்தைத் தின்னும். கடினமானது நசுங்காமல் ஓடும், பக்கவாட்டில் சறுக்கவும் விடும். அதையே தார்ச்சாலையில் ஓட்டினால் பல்லெல்லாம் கிடுகிடுக்கும். பூங்காவின் தரை சொரசொரப்பாக இருந்தால் 90ஐ ஒட்டி எடுப்பது புத்தி.

பேரிங் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு ஜோடி ஸ்கேட்டுக்கு 16 வேண்டும். அச்சு 8 மில்லிமீட்டர் என்றால் 608, 7 மில்லிமீட்டர் என்றால் 627. இரண்டுக்கும் வெளி விட்டம் 22 என்பதால் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும், கடையில் மாற்றி வாங்கி வந்து விழிப்பவர்கள் உண்டு. பெட்டியில் ஏபெக் 7, 9 என்று பெரிதாக அச்சடித்திருப்பார்கள். அது எவ்வளவு துல்லியமாகக் கடைந்தது என்பதன் அளவு. மேலிருந்து குதிப்பதைத் தாங்குமா என்பதை அது சொல்லாது.

பூட் என்னும் மேல்பாகத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். கணுக்காலை இறுகப் பிடிக்கும் உயரமான தோல் பூட் வேண்டும். தளர்வான பூட்டுக்குள் பாதம் ஒரு விரல் நகர்ந்தாலும், கீழே சக்கரம் சொன்ன பேச்சைக் கேட்காது. மின்னசோட்டாவின் ரெட் விங் நகரத்தில் 1945இலிருந்து பூட் தைக்கும் ரீடெல் போன்ற நிறுவனங்களிடம் பூட்டைத் தனியாக வாங்கி, பிளேட்டைத் தாங்களே பூட்டிக்கொள்கிறவர்கள் நிறைய.

அந்தப் பூட்டும் வேலை பொறுமைக்காரனுடையது. பூட்டைக் கவிழ்த்து, குதிகாலின் நடுவிலிருந்து இரண்டாம் விரலின் திசைக்குச் சாக்பீஸால் ஒரு கோடு இழுக்க வேண்டும். பிளேட்டின் நடுக்கோடு அதன்மேல் படிய வேண்டும். முன் அச்சு, பெருவிரலின் அடிமூட்டுக்கு நேர் கீழே அல்லது ஒரு நூல் முன்னே. பின் அச்சு குதிகாலுக்கு அடியில் நன்றாகப் பின்தள்ளி. அச்சுகள் விலகி நின்றால் நிலைப்பு, நடுவே இடமும் தாராளம். எல்லாத் துளையையும் ஒரே மூச்சில் போடக் கூடாது. ஒன்று போட்டு, போல்ட் மாட்டி, கோட்டைச் சரிபார்த்து, எதிர் மூலையில் அடுத்தது. இரண்டு பாகை கோணினால் சமதளத்தில் தெரியாது. சரிவில் ஒரு கால் வடக்கே போகும், மற்றது வடகிழக்கே போகும்.

முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் ரப்பர்க் கட்டை, டோ ஸ்டாப். பிரேக் என்றுதான் நாம் அறிவோம். சரிவுக்காரர்கள் அதைக் குழாயின்மேல் ஊன்றி நிற்கும் ஊன்றுகோலாக்கிவிட்டார்கள். சிலர் கழற்றிவிட்டுச் சின்ன மூடியை மாட்டுவார்கள். இது அவரவர் பிரியம்.

கவசம் பிரியத்தைச் சேர்ந்ததல்ல. ஸ்கேட்டுக்கான தரக்குறி உள்ள தலைக்கவசமும், கெட்டியான ஓடு போட்ட தடித்த முழங்கால் கவசமும் வேண்டும். சரிவில் விழத் தெரிந்தவர் காலை மடக்கி, இரண்டு முழங்காலிலும் மண்டியிட்டுச் சறுக்கியே கீழே வந்துவிடுவார். அதைத்தான் முதல் வாரம் முழுக்கப் பழக வேண்டும்.

இத்தனையும் பார்த்துப் பூட்டியபின், ஓட்டுகிறவர் காதைத் தீட்டி வைத்துக்கொள்ள வேண்டும். புதுக் கட்டை குழாயில் ஏறும்போது 'டக்', பிறகு 'சர்'ரென்று வழுக்கும். வாரக்கணக்கில் தேய்ந்து, உள்ளே புதைந்திருக்கும் போல்ட்டின் தலை வெளியே எட்டிப் பார்க்கும் நாளில், அந்தச் 'சர்' மெல்லக் 'கிரீச்' ஆகும். அன்று ஸ்பேனரை எடுத்துக் கட்டையைக் கழற்றிவிட வேண்டும்.