இலிஷா, இறாலா? நாளைக்குத் தெரியும்!

நாளைக்கு என்ன சமையல் என்று உங்கள் வீட்டில் யார் தீர்மானிப்பது? "இதென்ன கேள்வி, நான்தான்!" என்பீர்கள். கொல்கத்தாவில் வருஷத்தில் சில நாட்கள் மட்டும் அதைத் தீர்மானிப்பது கால்பந்து! ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் அந்தக் கட்சிக்காரர் வீட்டில் இலிஷ் மீன் (நம் ஊர் உல்லம் மீன்தான்!). மோகன் பகான் ஜெயித்தால் எதிர்க் கட்சி வீட்டில் இறால். ஜெயித்த கட்சியின் மீனுக்கு மார்க்கெட்டில் விலை ஏறிவிடும் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள்.

ஏன் இந்தப் பகை?

மோகன் பகான் 1889-ல் தொடங்கிய குழு. 1911-ல் பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடியே வெள்ளைக்கார ராணுவக் குழுவை 2-1 என்று ஜெயித்து, ஐ.எஃப்.ஏ. கேடயத்தை வாங்கிய பெருமை அதற்கு உண்டு. ஈஸ்ட் பெங்கால் 1920-ல் வந்தது. 1947 பிரிவினையின்போது வீடு வாசலைப் போட்டுவிட்டு கிழக்கு வங்காளத்திலிருந்து வந்தார்களே, அந்தக் குடும்பங்களுக்கு இந்தப் பெயரே பிறந்த வீடு மாதிரி ஆகிவிட்டது. அவர்களை 'பாங்கால்' என்பார்கள். மேற்கு வங்கத்துப் பூர்வீகக்காரர்கள் 'கொட்டி'.

சமையலிலும் இரண்டு கட்சிதான். கொட்டி வீட்டுக் குழம்பில் துளி சர்க்கரை விழும்; இறாலைத் தேங்காய்ப்பாலில் வேக வைப்பார்கள். பாங்கால் வீட்டில் காரம் தூக்கல். இலிஷுக்குக் கடுகை அரைத்து விடுவார்கள். ஒரு கட்சிப் பெண் எதிர்க்கட்சி வீட்டுக்கு மருமகளாகப் போனால் கேட்கவா வேண்டும்!

அந்த ஜூலை மாத நம்பிக்கை

மேட்ச்சுக்கு முதல் நாள் ஒரு ரசிகனின் மனசு எப்படி இருக்கும்? 1997 ஜூலை 13 அன்று நடந்த ஃபெடரேஷன் கோப்பை அரை இறுதியைக் கேளுங்கள். தோற்றவர் வெளியே! மோகன் பகான் பயிற்சியாளர் அமல் தத்தா, 'டைமண்ட்' என்ற புது வியூகத்தால் கோல்களாகக் குவித்துக்கொண்டிருந்தார். அந்தக் கட்சிக்காரர்கள் இறாலை அப்போதே மனசுக்குள் உரித்துவிட்டார்கள். போதாக்குறைக்கு, எதிரணி ஆட்டக்காரர்களில் பைசுங் பூட்டியாவை 'சுங்-சுங்' என்றும், ஒமோலோவை 'ஆம்லெட்' என்றும் தத்தா கேலி செய்தார். பாங்கால் வீடுகளில் எப்படிக் கொதித்திருக்கும்! "இருக்கட்டும், நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்பதும் ஒரு நம்பிக்கைதானே?

சால்ட் லேக் ஸ்டேடியத்தில் அன்று 1,30,000 பேருக்கு மேல் கூட்டம். பூட்டியா ஒருவரே மூன்று கோல் போட்டார். ஈஸ்ட் பெங்கால் 4-1 என்று ஜெயித்தது! ஆனால் இறுதி ஆட்டத்தில் சல்கோகரிடம் தோற்று, கோப்பையைக் கோட்டை விட்டது. அதனால் என்ன? இன்றைக்கும் அந்த ரசிகர்கள் பேசுவது அரை இறுதியைத்தான். பக்கத்து வீட்டுக்காரரை ஜெயித்த சந்தோஷம் கோப்பையில் வருமா?

எல்லை தாண்டினால்...

சிரித்துப் பேசுகிறோம். ஆனால் இதே மோதலில் 1980 ஆகஸ்ட் 16 அன்று ஈடன் கார்டன்ஸில் ரகளை மூண்டு, நெரிசலில் 16 ரசிகர்கள் உயிரிழந்தார்கள். காலையில் "போய்ட்டு வரேம்மா" என்று கிளம்பிய பிள்ளைகள்! அந்த நாளில் ரத்த தானம் செய்து அவர்களை நினைவுகூர்கிறது கொல்கத்தா. தாய்மார்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம்.

வீட்டில் உட்கார்ந்து பார்த்தாலும் நெஞ்சு சும்மா இருப்பதில்லை. 2006 உலகக் கோப்பையின்போது ஜெர்மனியில் மியூனிக் பகுதி டாக்டர்கள் கணக்கெடுத்தார்கள். தங்கள் நாடு ஆடிய நாட்களில் இதயக் கோளாறால் அவசர சிகிச்சைக்கு ஆளானவர்கள் மற்ற நாட்களைவிட இரண்டரை மடங்குக்கும் மேல்! ஆண்களுக்கு மூன்று மடங்கைத் தாண்டியது. பெண்களுக்கும் இரண்டு மடங்கை நெருங்கியது. ஏற்கெனவே இதய நோய் உள்ளவர்களுக்கே ஆபத்து அதிகம். ஆட்டம் தொடங்கிய முதல் இரண்டு மணி நேரம்தான் ரொம்பக் கவனம் தேவை.

நீங்கள் செய்யக்கூடியது

கால்பந்தோ, கிரிக்கெட்டோ, உங்கள் வீட்டிலும் ஒரு ரசிகர் இருப்பார். முதல் நாளே இவற்றைக் கவனியுங்கள்:

* ரத்த அழுத்தம், இதய நோய்க்கு மாத்திரை சாப்பிடுபவர் பரபரப்பில் மறந்துவிடுவார். நேரத்துக்கு எடுத்துக் கொடுங்கள்.

* "தூக்கமே வரலை" என்று ராத்திரி காப்பி கேட்பார். கொடுக்காதீர்கள், வெதுவெதுப்பான பால் போதும்.

* ஆட்டத்தின்போது பஜ்ஜி, சிப்ஸ் வேண்டாம். சுண்டல், வெள்ளரிக்காய், நீர்மோர் வையுங்கள். மோரில் உப்பு குறைவாக இருக்கட்டும்.

* நெஞ்சில் அழுத்தம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, வியர்வை, மூச்சுத் திணறல் வந்தால் "மேட்ச் முடியட்டும்" என்று காத்திருக்காதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். பெண்களுக்குக் குமட்டலும் அசாத்தியச் சோர்வும்கூட அறிகுறியாக இருக்கலாம். நம் உடம்பையும் கவனிப்போம்.

* "போன தடவை ஜெயிச்ச சட்டை, துவைக்காதே!" என்றால் விட்டுவிடுங்கள். ஒரு நாள் அழுக்கால் ஒன்றும் குடிமுழுகாது.

* குழந்தைகள் முன்னால் எதிரணியை வசை பாட விடாதீர்கள். அப்பா சொல்கிற சொல்லைத்தான் பிள்ளை நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் தன் சிநேகிதனிடம் சொல்லும்.

நாளைக்கு நம்ம பக்கம்தான் என்று நம்பிக்கொண்டு படுப்பது ஒரு சுகம். அதைக் கெடுக்க வேண்டாம். ஆட்டம் முடிந்ததும் ஜெயித்த வீட்டிலிருந்து தோற்ற வீட்டுக்கு ஒரு கிண்ணம் குழம்பு போகட்டும். அடுத்த தடவை அந்தக் கிண்ணம் வெறுமனே திரும்பி வராது!