பட்டம் இல்லாத களம்

குத்துச்சண்டை வரலாற்றைப் பட்டங்களின் பட்டியலாகவே படித்துப் பழகிவிட்டோம். அப்பட்டியலில் இடம்பெறாத ஒரு போட்டியையே ஹெவிவெயிட் பிரிவின் தலையாய போட்டிகளுள் ஒன்றாக நான் கருதுகிறேன்.

1936 ஜூன் 19 அன்று நியூயார்க்கின் யாங்கி மைதானத்தில், தொழில்முறைக் களத்தில் அதுவரை தோல்வியே காணாத அமெரிக்கக் கறுப்பின வீரர் ஜோ லூயிஸும், முன்னாள் உலக சாம்பியனான ஜெர்மனியின் மாக்ஸ் ஷ்மெலிங்கும் மோதினர். உலகப் பட்டம் அப்போது ஜேம்ஸ் பிராடாக்கிடம் இருந்தது. இடக்கையால் குத்தியதும் லூயிஸ் அக்கையைத் தாழ்த்திவிடுவதை ஷ்மெலிங் முன்பே கவனித்து வைத்திருந்தார். அந்த இடைவெளியில் வலக்கையால் தாக்கித் தாக்கி, 12-ஆவது சுற்றில் அவரை வீழ்த்தினார். நாஜி அரசு அதை இனத்தின் வெற்றியாகக் கொண்டாடியது. நியூயார்க்கில் கறுப்பின மக்கள் வாழும் ஹார்லெம் பகுதி துயரில் ஆழ்ந்தது.

மறு ஆண்டே பிராடாக்கை வென்று லூயிஸ் பட்டம் சூடினார். ஆயினும், ஷ்மெலிங்கை வெல்லும்வரை தம்மை சாம்பியன் என்று அழைக்க வேண்டாம் என்றார். 1938 ஜூன் 22 அன்று முதல் சுற்றிலேயே அக்கணக்கைத் தீர்த்தார்.

இன்று நான்கு அமைப்புகள் தனித்தனியே உலகப் பட்டம் வழங்குகின்றன. யாரை வென்றோம் என்று தம்மையே கேட்டுக்கொண்ட லூயிஸின் அளவுகோல் இன்றைக்குத்தான் அதிகம் தேவைப்படுகிறது.