அலகில் அரை மில்லிமீட்டர்

பசிபிக் பெருங்கடலில், ஈக்வடார் கரைக்கு மேற்கே சுமார் 1,000 கிலோமீட்டர் தள்ளிக் கிடக்கின்றன காலபாகஸ் தீவுகள். அவற்றுள் டாஃப்னே மேஜர் ஒரு பொடித் தீவு. அரைச் சதுர கிலோமீட்டர்கூடத் தேறாது. செங்குத்தான எரிமலை முகடு, கள்ளி, குட்டை மரங்கள், அவ்வளவுதான். மனிதக் குடியிருப்பு கிடையாது. பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் என்ற ஆய்வாளர் தம்பதியர் 1973இல் இங்கே வேலையைத் தொடங்கி, நாற்பது ஆண்டுகள் தொடர்ந்து வந்துபோனார்கள். தீவிலுள்ள ஃபிஞ்ச் குருவிகளை வலையில் பிடிப்பார்கள். காலில் வளையம் மாட்டுவார்கள். எடையையும், அலகின் நீளம், அகலம், தடிமனையும் அளந்துவிட்டுப் பறக்கவிடுவார்கள். எது எதனோடு இணைசேர்ந்தது, எந்தக் குஞ்சு பிழைத்தது என்பதும் குறிப்பேட்டில் ஏறும்.

சார்லஸ் டார்வின் 1835இல் இந்தத் தீவுக்கூட்டத்தில் ஐந்து வாரம் தங்கியவர். இயற்கைத் தேர்வை விளக்கும் அவரது நூல் 1859இல் வந்தது. ஆனால் இயற்கைத் தேர்வால் வரும் மாற்றம் மிக மெதுவானது, மனித ஆயுளுக்குள் கண்ணில் படாது என்றே அவர் கருதினார். கிராண்ட் தம்பதியர் அதைக் காலிப்பர் கருவியால் அளந்து காட்டினார்கள்.

டாஃப்னேயில் அதிகம் காணப்படுவது நடுத்தரத் தரை ஃபிஞ்ச். விதை தின்னி. ஒரே இனம்தான் என்றாலும் எல்லாக் குருவிக்கும் அலகு ஒரே அளவில் இருப்பதில்லை. சிலவற்றுக்கு மெலிந்தது, சிலவற்றுக்குத் தடித்தது. மழை பெய்த ஆண்டில் இந்த வேறுபாட்டால் லாபமுமில்லை, நட்டமுமில்லை. சின்னஞ்சிறு மென்விதைகள் எங்கும் கிடக்கும். எந்த அலகும் அவற்றைக் கொத்திவிடும்.

1977இல் மழை பொய்த்தது. மழைக்காலம் முழுவதும் பெய்தது 24 மில்லிமீட்டர். செடிகள் புதிதாக விதை தரவில்லை. இருந்த சிறுவிதைகளைக் குருவிகள் சில மாதங்களில் தின்று தீர்த்தன. எஞ்சியவை பெரிய, கெட்டியான விதைகள். அவற்றுள் முக்கியமானது, நம் தரிசுகளில் காலைக் குத்தும் நெருஞ்சிக்கு நெருங்கிய உறவான ஒரு செடியின் முள்காய். அதன் கட்டை போன்ற ஓட்டைப் பிளந்தால்தான் உள்ளேயிருக்கும் விதை கிடைக்கும். தடித்த அலகுக்காரக் குருவி பிளந்தது. மெலிந்த அலகுக்காரக் குருவியால் முடியவில்லை. சுமார் 1,200 இருந்த குருவிகள் 200க்கும் கீழே சரிந்தன. பிழைத்தவற்றின் சராசரி அலகுத் தடிமன், வறட்சிக்கு முன்பிருந்த சராசரியைவிட ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் கூடுதலாக இருந்தது.

இந்த இடத்தில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். "கெட்டி விதையைத் தின்ன வேண்டியிருந்தது, அதனால் அலகு தடித்தது" என்று சொல்லிவிடுகிறோம். எந்தக் குருவியின் அலகும் தடிக்கவில்லை. ஒவ்வொன்றும் தன் பழைய அலகோடுதான் வாழ்ந்தது அல்லது செத்தது. மாறியது கூட்டத்தின் சராசரி. மெலிந்த அலகுகள் கணக்கிலிருந்து விழுந்ததால் சராசரி ஏறியது.

இதோடு நின்றிருந்தால் அது வெறும் சாவுக் கணக்கு. பரிணாமம் ஆவதற்கு இன்னொன்றும் வேண்டும்: பிழைத்ததன் பண்பு பிள்ளைக்கு இறங்க வேண்டும். இறங்கியது. தடித்த அலகுப் பெற்றோருக்குத் தடித்த அலகுக் குஞ்சுகளே பெரும்பாலும் பிறக்கின்றன என்பது முன்பே அளந்து தெரிந்திருந்தது. 1978இல் மழை திரும்பியபின் பொரித்த தலைமுறையின் அலகு, வறட்சிக்கு முந்தைய தலைமுறையைவிட ஏறத்தாழ 4 விழுக்காடு தடித்திருந்தது. அலகின் அளவோடு தொடர்புள்ள ஒரு மரபணுவையும் பிற்பாடு, 2016இல், ஆய்வாளர்கள் அடையாளம் கண்டார்கள். கூட்டத்துக்குள் வேறுபாடு, வேறுபாட்டைப் பொறுத்துப் பிழைப்பு, பிழைத்த பண்பு பிள்ளைக்கு இறங்குதல்: இந்த மூன்றும் கூடினால் இயற்கைத் தேர்வு நடந்தே தீரும்.

அப்படியானால் தடித்த அலகுதான் உயர்ந்ததா? 1983இல் எல் நினோ மழை 1,300 மில்லிமீட்டரைத் தாண்டிக் கொட்டியது. கொடிகள் தீவை மூடின; முள்காய்ச் செடிகள் அவற்றுக்கடியில் அமுங்கின. சிறுவிதைகள் குவிந்தன. அடுத்து வந்த வறட்சியில் சிறுவிதையைச் சுருக்காகப் பொறுக்கத் தெரிந்த சிறிய அலகுக்காரக் குருவிகள் கூடுதலாகப் பிழைத்தன. சராசரி கீழே இறங்கியது. இயற்கைத் தேர்வுக்குக் குறிக்கோள் கிடையாது. இந்த ஆண்டு என்ன விதை கிடக்கிறது என்பதே அதன் ஒரே கேள்வி.

சராசரி ஏறி இறங்கினால் புதிய இனம் எப்படிப் பிறக்கும்? இரண்டு கூட்டங்கள் தங்களுக்குள் கலக்காமல் நெடுங்காலம் பிரிந்திருக்க வேண்டும். அப்போது வேறுபாடுகள் சேர்ந்துகொண்டே போகும். டாஃப்னேயில் இதன் தொடக்கமும் கண்ணில் பட்டது. 1981இல் நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள எஸ்பானோலா தீவிலிருந்து வேற்றினத்துப் பெரிய ஆண் குருவி ஒன்று வந்து சேர்ந்தது. உள்ளூர்ப் பெடையோடு இணைசேர்ந்தது. அதன் பாட்டு வேறு. குஞ்சுகள் தகப்பனிடமிருந்து அதைக் கற்றன. அவற்றின் உடலும் அலகும்கூடப் பெரிது. சில தலைமுறைகளில் அந்தச் சந்ததி தங்களுக்குள் மட்டுமே இணைசேரத் தொடங்கியது. உள்ளூர்க் குருவிகளுக்கும் அவற்றுக்கும் நடுவே கடலுமில்லை, மலையுமில்லை. பாட்டும் உருவமுமே வேலியாயின. அதைத் தனி இனம் என்று அழைக்கலாமா என்பதில் விவாதம் உண்டு. இன்று தீவுக்கூட்டத்திலுள்ள பதினைந்துக்கும் மேற்பட்ட ஃபிஞ்ச் இனங்கள், கூட்டங்கள் இவ்வாறு பிரிந்ததால் ஒரே மூதாதையிலிருந்து கிளைத்தவை.

குருவியில் நடந்தது புழுவிலும் நடக்கும். இந்தியாவில் பி.டி. பருத்தி 2002இல் அனுமதி பெற்றது. செடியே தயாரிக்கும் நஞ்சு காய்ப்புழுவைக் கொன்றது. கொல்லாமல் விட்ட சில புழுக்கள் பெருகின. பத்தாண்டுக்குள் குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அந்த நஞ்சைத் தாங்குவது உறுதியானது. எந்தப் புழுவும் நஞ்சுக்குப் பழகிக்கொள்ளவில்லை. தாங்கும் புழுக்களின் பங்குதான் கூடியது. இதை எதிர்பார்த்துத்தான் விதைப் பாக்கெட்டோடு பி.டி. அல்லாத பருத்தி விதையும் கொஞ்சம் தரப்பட்டது. வயலோரத்தில் அதை விதைக்கச் சொன்னார்கள். நஞ்சில் சாகக்கூடிய புழுக்கள் அங்கே தின்று பிழைக்கும். தாங்கும் புழுக்களின் அந்துப்பூச்சிகளோடு இணைசேர்ந்து, தாங்கும் பண்பு பெருகுவதைத் தாமதப்படுத்தும். விவசாயிகள் பலர் அந்த விதையை ஒதுக்கிவைத்தார்கள். காசு கொடுத்து வாங்கிய விதையைப் போட்ட வயலில் புழுவுக்கு இடம் விடுவதா என்று அவர்கள் நினைத்ததில் வியப்பில்லை. ஆனால் இயற்கைத் தேர்வின் கணக்குப்படி, அந்தப் புழுக்களை உயிரோடு விட்டிருந்தால் அந்த நஞ்சின் பயன் இன்னும் நீண்டிருக்கும்.