மார்கழியில் நாஞ்சில் நாடு

குமரிமுனையில் சூரியோதயத்தைத் தரிசித்து, விவேகானந்தர் பாறைக்குப் படகேறி, 133 அடி உயர வள்ளுவர் சிலையை அண்ணாந்து பார்த்துவிட்டு அன்று மாலையே ரயிலேறிவிடும் பிரயாணிகள், நாஞ்சில் நாட்டின் வாசற்படியை மிதித்தவர்களேயன்றி வீட்டுக்குள் வந்தவர்கள் அல்லர். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து, குளங்கள் நிரம்பி, கும்பப்பூப் பயிர் பச்சைப்பசேலென்று நிற்கும் மார்கழி மாதத்தில், கடலை விட்டு உள்நாட்டில் ஒரு பகலையாவது கழிப்பவர்களுக்குத்தான் இந்நாட்டின் அழகும் ருசியும் பூரணமாகப் புலப்படும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

விடியற்காலையில் சுசீந்திரத்துக்குச் சென்றுவிட வேண்டும். தாணு, மால், அயன் என்னும் மும்மூர்த்திகளும் ஏக வடிவாய் எழுந்தருளியுள்ள அவ்வாலயத்தில் 134 அடி ராஜகோபுரமும், பதினெட்டடி ஆஞ்சநேயரும், தட்டினால் நாதம் எழும் கல்தூண்களும் எந்நாளும் காணக் கிடைப்பவையே. ஆயினும், மார்கழித் திருவிழாவின் மூன்றாம் நாள் இரவில், கோட்டாற்று விநாயகரும் வேளிமலைக் குமரனும் தாய் தந்தையரைக் காண வந்து சேரும் வைபவத்தை, 'மக்கமார் சந்திப்பு' என்று ஊரார் வாய் நிறையச் சொல்லிக் கூடி நிற்கும்போதுதான், தெய்வத்தையும் குடும்பத்துக்குள் அடக்கிக்கொண்ட இம்மக்களின் பக்தி விளங்கும். ஒன்பதாம் நாள் தேரோட்டம். பத்தாம் நாள் ஆருத்ரா தரிசனம்.

அருகே, கவிமணி பிறந்த தேரூர். வடதேசத்துக் குளிருக்கு அஞ்சி வந்த பறவைகள் அவ்வூர்க் குளத்தில் இரை தேடிக்கொண்டிருக்கும்.

மத்தியான போஜனம் நாகர்கோவிலில். அவியல், எரிசேரி, துவரன், இஞ்சிப் பச்சடி, நேந்திரங்காய் உப்பேரி என்று தலைவாழையிலையின் மேற்பாதி நிறைந்த பின்னர், பருப்பும் நெய்யும், சாம்பாரும், புளிசேரியும், ரசமும் வரிசை பிறழாமல் வர, அடைப்பிரதமனில் மட்டிப் பழத்தைப் பிசைந்து உண்ணும் அந்தக் கிரமத்திலேயே தமிழும் மலையாளமும் கலந்த ஒரு நாகரிகம் இருக்கிறது. காய்கள் குழையாமல் வெந்து, பச்சைத் தேங்காயெண்ணெயின் மணம் மேலே நிற்கும் அவியலை இங்கே உண்டவர்கள், வேறிடத்து அவியலில் திருப்தியடைவது அரிது.

பிற்பகலில் தக்கலையை அடுத்த பத்மநாபபுரம். 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகராயிருந்த இவ்வூர், 1956 நவம்பர் 1 முதல் தமிழகத்தில் இருப்பினும், அரண்மனையின் பராமரிப்பு இன்றும் கேரள அரசினிடமே உள்ளது. தேக்கிலும் பலாவிலும் உளி பேசியிருக்கும் விட்டங்களையும், முகம் தெரியும்படி பளபளக்கும் கருந்தரையையும் பார்ப்பவர்கள், ஏறத்தாழ ஆயிரம் பேர் ஒரே சமயத்தில் அமர்ந்துண்ணக்கூடிய ஊட்டுப்புரையில் மட்டும் சற்று அதிக நேரம் நிற்க வேண்டுகிறேன். அரசனுடைய சிம்மாசனத்தைக் காட்டிலும் அன்னமிட்ட கூடமே ராஜ்யத்தின் பெருமையை அதிகம் எடுத்துரைக்கிறது.

அந்தி சாயும்போது அவித்த மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் கிடைக்கும். தென்னமெரிக்காவில் தோன்றிய இக்கிழங்கை, 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா தம் குடிகள் பயிரிடுமாறு ஊக்குவித்தார். பஞ்ச காலங்களில் ஏழைகளின் உயிர் காத்த அவ்வுணவை, இன்று வசதி படைத்தோரும் விரும்பி உண்கின்றனர்.

அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. ஆகவே அந்நாளைத் தவிர்த்து, மார்கழியில் வாருங்கள்.