குடியிருப்புகளில் சாலை இரைச்சலும் ஒலித்தடுப்பும்

சாலை இரைச்சல் வீட்டுக்குள் புகாமல் தடுக்கும் கட்டடத்தின் திறன் ஒலித்தடுப்பு எனப்படும். இதை அறிய, வெளிச்சுவருக்கு 2 மீட்டர் முன்பாகவும் அறைக்குள்ளும் ஒரே நேரத்தில் ஒலிமட்ட மானியால் அளப்பர். வாகன ஒலி நொடிக்கு நொடி மாறுவதால், குறித்த கால அளவுக்குச் சராசரி கணக்கிடப்படும். இரு அளவுகளின் வேறுபாடு, அறையின் எதிரொலிப்புக்கேற்பத் திருத்தப்பட்டு, டெசிபெலில் தரப்படும்.

இந்தியாவின் 2000ஆம் ஆண்டு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிகளுக்கான வரம்பு பகலில் 55, இரவில் 45 டெசிபெல். இது வெளிப்புற ஒலிக்கே உரியது. வீட்டுக்குள் நிலவும் அமைதி பெரும்பாலும் சன்னலைப் பொறுத்தது. சுவருக்குச் செலவிடுவோர் பலர் இதைக் கவனிப்பதில்லை. ஒலியே புகாத சுவராயினும், அதன் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால் மொத்தத் தடுப்பு ஏறத்தாழ 20 டெசிபெலாகச் சரியும். ஆகவே கண்ணாடியை மாற்றும் முன், சட்டத்தைச் சுற்றியுள்ள இடுக்குகளை ரப்பர் பட்டையால் அடைக்க வேண்டும். புழுக்கத்துக்காகச் சன்னலைத் திறந்து உறங்கும் வீடுகளில் இதுவும் உதவாது.